கம்ப்யூட்டருக்கும் உபயம்

அந்த ஃப்ளாப்பியைப் போட்டதும் முதலில் வருவது பாடம் இல்லை, நிபந்தனைகள். அந்த புரோகிராமை எழுதியவர் அமெரிக்காவில் எங்கோ ஒரு கல்லூரி வாத்தியார். அவர் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் சில வரிகள் இருக்கும். பாடம் சொல்லிக்கொடுக்க யார் வேண்டுமானாலும் இதை எடுத்துக்கொள்ளலாம், காப்பி போட்டுக் கொடுக்கலாம். விற்கக் கூடாது. என் பெயரை நீக்கக் கூடாது. இதில் நீங்கள் ஏதாவது சேர்த்தால் உங்கள் பெயரையும் போடுங்கள். பின்னால் வருகிறவர்கள் அதையும் நீக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த வரிகள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

எண்பதுகளின் நடுவில் மாட்டுங்காவில் ஒரு சங்கம் சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியது. ஒரே ஒரு மெஷின். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு தாராவியிலிருந்து நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். வாப்பாவுக்குத் தோல் பை தைக்கும் கார்கானா. செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சங்கத்து ஆண்டு விழாவில் நீ கத்துக்கிட்டதை என் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் வாப்பா. பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பதாக உம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

"அந்த புரோகிராம எம்புட்டுக்கு வாங்குனாங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"சும்மா குடுத்தது வாப்பா."

"முஃப்த்தா குடுக்கான்னா அதுல ஏதோ லஃப்டா இருக்கு. விக்கக் கூடாதுங்கான், உங்கிட்ட மாசாமாசம் ஃபீஸ் வாங்குதாங்க. அது என்ன?"

வகுப்பெடுத்தவர் பேங்க் உத்தியோகத்தில் இருந்த மாட்டுங்காக்காரர், எங்கள் எல்லாருக்கும் அவர் மாமா. அவரிடம் கேட்டேன். "ஃபீஸ் கரண்டுக்கும் ஃபேனுக்கும். புரோகிராமுக்குப் பைசா வாங்கலியே?" என்றார். மாமா சொன்னபோது சரி என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் வாப்பா முகத்தைப் பார்த்ததும் சரியில்லை என்று தோன்றியது.

பெயர் சமாசாரத்தில் மட்டும் மாமாவுக்குச் சந்தேகமே கிடையாது. "கோயில் ட்யூப்லைட்ல உபயம்னு கொடுத்தவா பேர் எழுதியிருக்கும், பார்த்திருக்கியோ? அதே கதைதான்." பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி வெளிச்சத்தைப் பெயரே மறைத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு டைப்பிங் வேகம் என்பதால் பெயர்களை ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. மெஷின் கொடுத்தவர் பெயர். ஃப்ளாப்பியை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அவருடைய மருமகன் பெயர். பிறகு சங்கத்து செகரட்டரி, அவர் மேஜை கொடுத்தவர். "மேஜை இல்லேன்னா மெஷினை மடியிலயா வச்சுக்கறது?" என்றார் மாமா. பிறகு ஃபேன் கொடுத்தவர், ஜன்னல் திரை கொடுத்தவர். ஒவ்வொரு பெயரையும் சுற்றி நட்சத்திரத்தால் கட்டம், பெயருக்குப் பின்னால் பட்டம். வாத்தியாரின் நிபந்தனையில் ஃபேன் எங்கே வருகிறது என்று எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பெரியவர்கள் சொல்கிறார்கள், இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது படம் வரைந்து புரோகிராம் கற்றுக்கொடுக்கும் பாடம். வட்டம், சதுரம், வீடு எல்லாம் அதில் இருந்தன. நான் ஒன்றைச் சேர்த்தேன். எங்கள் கார்கானாவில் தைக்கிற லேடீஸ் பை. மூடி, வார், ஓரத்துத் தையல் புள்ளிகள் வரை வரும். வாப்பாவுக்காகத்தான் சேர்த்தேன்.

விழாவன்று வாப்பா சலவைச் சட்டையும் தொப்பியுமாக இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு பட்டனாக அமுக்க, ஒவ்வொரு பெயராக வந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். வாப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, என் பெயரை மட்டும் மார்க் ஷீட்டில் பார்த்துப் பார்த்து அடையாளம் தெரியும். கடைசியில் ஜன்னல் திரைக்காரர் பெயரும் போனதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உன் பேரு எப்ப வரும், புள்ள?"

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் திருதிருவென்று விழித்தேன். "நான் ஒண்ணும் குடுக்கலியே வாப்பா," என்றேன்.

அவசரமாகப் பையை வரைய விட்டேன். பை வந்தது, மூடி வந்தது, வார் பாதி வந்தது. மெமரி இல்லை என்று மெஷின் கையை விரித்துவிட்டது. கொஞ்சூண்டு மெமரிதான் அதற்கு. நட்சத்திரமும் பட்டமுமாக அத்தனை பெயர்களும் அதைத் தின்றிருந்தன. வாப்பா அந்த அறுந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பூர் போச்சு என்று நினைத்தேன்.

முதலிலிருந்து ஓடவிட்டபோது அந்த வரி திரும்ப வந்தது. இதில் ஏதாவது சேர்த்தால் உங்கள் பெயரையும் போடுங்கள். ஃபேன் இதில் எதைச் சேர்த்தது? பையைச் சேர்த்தது நான். ஆனால் ஏறிவிட்ட பெயரை நீக்கக் கூடாது என்றும் அங்கேயே இருக்கிறதே, அது ஃபேனுக்கும் சேர்த்தா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யோசித்து முடிப்பதற்குள் என் கை அழிக்க ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் பெயரையும் அவருடைய நிபந்தனைகளையும் மட்டும் விட்டேன். அதற்குக் கீழே என் பெயர், 'பை வரையும் பாடம்'. ஓடவிட்டேன். வார் முழுசாக வந்து, தையல் புள்ளி கடைசி வரைக்கும் போய் நின்றது.

"சேவ் பண்ணிடாதே! சேவ் பண்ணிடாதேம்மா!" என்று மாமா மேடைக்கு ஓடிவந்தார். பண்ணிவிட்டேன்.

நாளையிலிருந்து வகுப்புக்கு வர வேண்டாம் என்றார் செகரட்டரி. தாராவி லேபர் கேம்ப் வழியாக வாப்பாவும் நானும் நடந்து வந்தோம். எங்கள் சந்து முனைக்கு வந்ததும் வாப்பா நின்றார்.

"அதுல இருக்க உன் பேர எவனும் அழிக்க முடியாதா?"

"அழிக்கக் கூடாது வாப்பா. அப்படித்தான் போட்டிருக்கு."

அத்தனை பேர் பெயரையும் அழித்துவிட்டு வந்த நான்தான் இதைச் சொன்னேன். நான் அழித்ததை வாப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அப்பச் சரி," என்றார். "செம்பூருக்குப் போ."