பஸ் நனைந்து வந்திருக்கிறது

ஏழுமலை கண்டக்டர் போய்விட்டார். நேற்று மாலை, டூட்டி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு டிப்போ பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி எங்கள் நகர் வாட்ஸப் குரூப்பில் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

அந்த குரூப்பில் அவர் இல்லை. நீக்கியது நான்.

தெரியாதவர்களுக்காக... கரியாலூர் மலை பஸ்ஸின் கண்டக்டர். கள்ளக்குறிச்சியில் எங்கள் நகரின் கடைசி வீடு அவருடையது. அதற்குப் பின்னால் கோமுகி ஆறு. மொத்த நகரும் ஆற்றோர நெல் வயலில் மண் அடித்துப் போட்ட பிளாட்.

எம்.ஏ. முடித்ததும் மலைப் பள்ளி ஒன்றில் தற்காலிக வேலை பார்த்தேன். தினமும் அவர் பஸ்தான். மழை நாளில் ஒவ்வொரு ஓடைப் பாலத்திலும் படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் குனிந்து பார்ப்பார்.

"இன்னாண்ணா பாக்கறீங்க?"

"கலர் மாறுனா பரவால்லம்மா, நேரம் இருக்குது. மூங்கில் சருகு மெதந்துக்கினு வந்தா நேரம் இல்ல."

ஊரில் வெயில் அடிக்கும். அவர் பஸ் மட்டும் நனைந்து வந்து நிற்கும். மலையில் பெய்த மழை ஆற்று வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு மழைக்காலத்தில் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். "மலையில மழ ஜாஸ்தி. ஜனங்க சாமான மேல ஏத்திக்குங்க."

ஏற்றினோம். நகர் சங்கச் செயலாளர் வீட்டு ஃப்ரிட்ஜ் மாடிப்படியில் நழுவிக் கதவு நசுங்கியது. ஆறு கரையோடு போய்விட்டது. தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

"அந்தாள குரூப்லேர்ந்து தூக்கும்மா. சும்மா ஜனங்கள பயமுறுத்திக்கினு..." என்றார் செயலாளர். அட்மின் நான். தூக்கினேன்.

ஏழுமலையண்ணன் மறுநாளும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கைகாட்டினார்.

அடுத்த வருட மழை. பகல் பதினொரு மணி, நல்ல வெயில். மெயின் ரோட்டில், எங்கள் நகர் திருப்பத்தில் மலை பஸ் நின்றது. அங்கே ஸ்டாப்பிங் கிடையாது.

விசில் கேட்டது. ஒரு விசில் என்றால் பஸ் நிற்கும். இரண்டு என்றால் கிளம்பும். கேட்டது இரண்டு. மறுபடி இரண்டு. யூனிபார்மோடு, தோளில் பையோடு, ஒவ்வொரு கேட்டிலும் நின்று ஊதிக்கொண்டு வந்தார்.

"இன்னா ஏழுமல, வூட்டுக்கு வூடு டிக்கெட் போட வந்துட்டியா?" செயலாளர், வாசலில், கையில் பேப்பர்.

"ஆமாங்க. பஸ் நிக்குது. ஏறிக்குங்க." அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்காவுக்கு சிசேரியன் ஆகிப் பதினோரு நாள். குழந்தை தூளியில்.

"பாப்பாவ தூக்கு. மத்ததெல்லாம் அப்பறம்."

நான் கேட்டேன். "இந்தத் தடவ நிச்சயமாண்ணா?"

அந்த நேரத்தில் அதைக் கேட்டேன்...

"தெர்லம்மா. தூக்கு."

கேட்டுக்கு வெளியே சாக்கடையைப் பார்த்தேன். தண்ணீர் ஆற்றுக்குப் போகவில்லை. ஆற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதன் மேல் மூங்கில் சருகு.

தூக்கினேன். அக்கா மதில் மதிலாகப் பிடித்து நடந்தாள். திருப்பத்துக்கு வருவதற்குள் முழங்கால் வரை. எனக்குப் பின்னால் தெரு மொத்தமும். செயலாளர் கையில் இன்னும் பேப்பர்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து அக்காவைப் படுக்கவைத்தார்கள். "கண்டக்டர் எங்கய்யா?" என்று டிரைவர் கத்தினார்.

பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் தெருவுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். ஆற்றோரத்தில் இரண்டு வீடு பாக்கி. திரும்பிப் பார்க்காமலே இரண்டு விசில்.

பஸ் கிளம்பியது. அப்புறம் விசில் கேட்கவில்லை.

பஸ் இறக்கிவிட்ட கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து அவர் நம்பரை அழைத்துக்கொண்டே இருந்தேன். ஸ்விட்ச் ஆஃப். பக்கத்தில், எங்களோடு பஸ்ஸில் வந்த அவர் மனைவி. குரூப்பிலிருந்து நீக்கியது யார் என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் ஒரு டிராக்டரில் வந்து இறங்கினார். வெறுங்கால். கூடவே அந்த இரண்டு வீட்டுக்காரர்களும்.

"மொட்ட மாடியில நின்னுக்கினு இருந்தோம்மா. போனு ஆத்தோட போச்சு. பாப்பா பால் குடிச்சுதா?"

அவர் புது போன் வாங்கியதும் கேட்டேன். "குரூப்ல சேக்கட்டுமாண்ணா?"

"வேணாம்மா. நீ ஒருத்தி நிச்சயமான்னு கேட்டதுக்கே என்னாண்ட பதில் இல்ல. அத்தினி பேரு கேட்டா இன்னா சொல்றது?"

அதிலிருந்து, மலையில் மழை என்றால் கேட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்.

இன்று காலை எடுத்தார்கள். பெண்கள் திருப்பத்தோடு நின்றுவிட்டோம்.

திரும்பும்போது மலை பஸ் எங்களைக் கடந்தது. வேறு கண்டக்டர். ரோடு காய்ந்து கிடந்தது. பஸ் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அங்கேயே நின்று குரூப்பில் போட்டேன். "பஸ் நனைஞ்சு வந்திருக்கு. சாமானை மேல ஏத்திக்குங்க."

செயலாளர் உடனே கேட்டார். "நிச்சயமாம்மா?"

"தெர்ல சார். ஏத்துங்க."

இதை மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் படியில் ஃப்ரிட்ஜ் ஏறும் சத்தம் கேட்கிறது.

போய்ட்டு வாங்கண்ணா.