மிளகு புல்லுக்குப் போகப் பழகின ஆறு கிழமை

நாய்க்குட்டியை வெளியில போகப் பழக்கிற வேலைக்குச் சம்பளமும் இல்லை, சுகமில்லையெண்டு லீவும் இல்லை, ஷிப்ட் மட்டும் விடியத் தொடங்கிப் படுக்கப் போகும்வரைக்கும் இருக்கு. வீட்டில குட்டி வைச்சிருக்கிற ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு கையில டிஷ்யூ, மற்றக் கையில ஸ்பிரே போத்தலோட முழங்காலில நிண்டுதான் இதை வாசிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். நானும் அப்பிடி நிண்டவள்தான், அதுவும் எழுபத்தொரு வயசு முழங்காலில.

நாங்கள் இருக்கிறது லண்டனில, தோர்ண்டன் ஹீத்தில, வாடகை வீட்டில. மகள் வாசுகி ஆஸ்பத்திரியில நர்ஸ். பேத்தி அபிக்குப் பதினொரு வயசு. அவள் மூண்டு வருசமா நாய் கேட்டுக் கேட்டு, கடைசியில வாசுகி ஓமெண்டிட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் பரமலிங்கம் தம்பி எங்கட ஊர்ப்பக்கத்து ஆள்தான். ஆனா கார்ப்பெட் விசயத்தில அவருக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. போனில எனக்குச் சொல்லிப்போட்டார்: "ஆறு கிழமையில வந்து பாப்பன் அக்கா. குட்டி வீட்டுக்குள்ள மூத்திரம் போற குட்டியா இருந்தா, அண்டைக்கே திருப்பிக் குடுத்திடவேணும்." அபி அழுதுகொண்டே சரியெண்டாள். வாசுகி வேலைக்குப் போக, அபி பள்ளிக்கூடம் போக, வீட்டில மிச்சம் ஆர்? நானும் குட்டியும். பிள்ளையின்ர நாய் நிக்கிறதும் போறதும் என்ர கையில.

ஒரு றாத்தல்

யோர்க்சயர் டெரியர் எண்டு சொன்னவை. பேரைக் கேட்டு நான் ஏதோ வாட்டசாட்டமான சாமான் வருதெண்டு இருந்தன். அபி ஜாக்கெட்டுக்குள்ளயிருந்து எடுத்து விட்டதைப் பாத்தா, ஒரு றாத்தல் பாண், ரெண்டு உள்ளங்கைக்குள்ள அடங்கிற அளவு. கறுப்பு. அவள் பெப்பர் எண்டு பேர் வைச்சாள். எனக்கு அது வாயில வராது, மிளகு எண்டு கூப்பிட்டன். நாள் முழுக்கக் கூப்பிடுற ஆள் நானெண்டபடியால் அது மிளகுக்குத்தான் திரும்பிப் பாக்கும்.

முதல் நாள் ஏழு இடத்தில ஈரம். ஊசி போடக் கொண்டுபோன நாய் டொக்டரின்ர இடத்தில நிண்ட நர்ஸ் பிள்ளையிட்ட முறைப்பாடு சொன்னன். சின்னச்சாதி நாயளுக்கு மூத்திரப்பை நெல்லிக்காய் அளவுதானாம், மணித்தியாலத்துக்கு ஒருக்கா கொண்டுபோய் விடவேணுமாம். அதைக் கேட்டோடன எனக்குக் கோவம் போயிட்டுது. ஏனெண்டா நான் இந்த நாட்டுக்கு வந்த புதிசில ஒரு சாண்ட்விச் ஃபாக்டரியில நிண்டனான். அங்க பாத்ரூமுக்குப் போறதெண்டா கையைத் தூக்கவேணும், சூப்பர்வைசர் மணிக்கூட்டைப் பாப்பா, பேந்து எங்களைப் பாப்பா, "பிரேக் வரட்டும்" எண்டுவா. பக்கத்தில நிண்ட ஒரு கானாப் பெண்பிள்ளை ஒருநாள் கையைத் தூக்காமலே நடந்து போட்டுது, அது வேற கதை. அடக்கிக்கொண்டு நிக்கிறதெண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். ஒரு றாத்தல் சீவனை நான் அப்பிடி வைச்சிருக்க மாட்டன். மணித்தியாலத்துக்கு ஒருக்காவெண்டா மணித்தியாலத்துக்கு ஒருக்காதான் எண்டன். அந்த நர்ஸ் பிள்ளை என்ர முகத்தைப் பாத்திட்டுச் சொல்லிச்சுது: "பயப்பிடாதேங்கோ, பழகிறதுக்குக் கொஞ்ச நாள் எடுக்கும். குட்டிக்கில்லை, உங்களுக்கு."

மஞ்சள் தண்ணி

இது நான் விட்ட பிழை, ஒளிக்கேல்லை.

மூண்டாம் நாள் விடிய நான் சாமி கும்பிட்டு முடிச்சிட்டுத் திரும்பிறன், சாமித்தட்டுக்கு முன்னால கார்ப்பெட்டில மிளகு மூத்திரத்துக்கு இருந்துபோட்டுது. சாமிக்கு முன்னால எல்லோ. ஸ்பிரே அடிச்சுத் துடைச்சன். மணம் போட்டுது. ஆனா துடக்கு, அந்தத் தீட்டுப் போகவேணுமே. துடக்குக் கழிக்க என்ன செய்யிறது? சின்ன வயசிலயிருந்து செய்த பழக்கம், கை தன்பாட்டில போய் மஞ்சளைக் கரைச்சுது, தெளிச்சுது. நல்ல வடிவாத் தெளிச்சன்.

கார்ப்பெட் கிறீம் கலர்.

நாய் இருந்த இடம் ஆருக்கும் தெரியாது. நான் சுத்தம் செய்த இடம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சளா நிண்டுது. வெயிலில காய்ஞ்சா மஞ்சள் போகும் எண்டு திரையை விலக்கி விட்டன், மாசி மாசத்து லண்டன் வெயிலுக்கு அது இன்னும் வடிவாத்தான் துலங்கிச்சுது. வேலையால வந்த வாசுகி ஜாக்கெட்டும் கழட்டாமல் நிண்டு பாத்தாள், மிளகைத் தூக்கித் தோளில போட்டாள், சொன்னாள்: "ஆரைப் பழக்கவேணும் எண்டு எனக்கு இப்ப விளங்கேல்லை அம்மா."

காலில இருத்தினது

எனக்கு ரோசம் வந்திட்டுது. நான் பிள்ளை வளக்காத ஆளோ? எங்கட பிள்ளையளை எப்பிடிப் பழக்கினனாங்கள்? காலை நீட்டி, ரெண்டு பாதத்திலயும் பிள்ளையை இருத்தி, வாயால "ஸ்ஸ்ஸ்" எண்டு சத்தம் வைப்பம். போகும். வாசுகிக்கும் அப்பிடித்தான், அபிக்கும் அப்பிடித்தான். அபி பிறந்த நேரம் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் இதைப் பாத்திட்டுப் புத்தகத்தில ஏதோ எழுதினவள், இண்டைக்கும் என்ன எழுதினாளெண்டு தெரியாது. எங்க விட்டனான்? ஓம், மிளகு. ஒவ்வொரு மணித்தியாலமும் கொண்டுபோய்ப் பின்பக்கத்துப் புல்லில விட்டு, நானும் பக்கத்தில குந்தி "ஸ்ஸ்ஸ்" எண்டன். நம்பமாட்டியள், தொடங்கி நாலாம் நாள் நான் வாயைத் திறக்கக் குட்டி இருந்துது. வீடியோ பாத்துப் பழக்கிற ஆக்கள் மாசக்கணக்கில படுற பாட்டை நான் நாலு நாளில முடிச்சன்.

அடுத்தநாள் பருப்புக்குக் குக்கர் வைச்சன். மிளகு குசினியில என்ர காலடியில படுத்திருந்தது. குக்கர் "ஸ்ஸ்ஸ்" எண்டுது. குட்டி எழும்பி, மரியாதையா ஒரு மூலைக்குப் போய், இருந்துது. மூண்டு விசில், மூண்டு மூலை. சொன்ன சொல்லுக் கேக்கிற பிள்ளையை எப்பிடி ஏசுறது? ரெண்டு கிழமை பருப்பைச் சட்டியில அவிச்சன். புல்லில சத்தத்தை விட்டுப்போட்டு "இரு மோனை, இரு" எண்டு பிள்ளைக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லிப் பழக்கினன், அதையும் பிடிச்சிட்டுது. இந்தக் குக்கர்க் கதையை வாசுகிக்குச் சொல்லிச் சிரிச்சன். அவள் சிரிக்கேல்லை. "எனக்கு நாப்பத்தி மூண்டு வயசு அம்மா, பக்கத்து வீட்டில குக்கர் கூவினா நான் இப்பவும் ஒருக்கா பாத்ரூமுக்குப் போட்டுத்தான் வாறனான்."

வெள்ளிக்கிழமை

புல்லில போய் முடிஞ்ச கையோட அவிச்ச கோழியில ஒரு பொட்டுத் துண்டு. அதுதான் சம்பளம். பிந்தினா விளங்காது, அந்த நிமிசமே குடுக்கவேணும்.

எல்லாம் வடிவாப் போய்க்கொண்டிருக்க வெள்ளிக்கிழமை வந்துது. வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில மச்சம் மாமிசம் இல்லை, பிரிட்ஜில இருந்தாலும் ஆரும் தொடமாட்டம். நான் குளிச்சுத் திருநீறு பூசிக்கொண்டு மிளகைக் கொண்டுபோனன், அது இருந்துது, நான் ஒரு கரட் துண்டை நீட்டினன். அது கரட்டைப் பாத்துது, என்னைப் பாத்துது. அடுத்தமுறை புல்லில சும்மா நிண்டுபோட்டு உள்ளுக்கு வந்து, கதவு மிதியடியில இருந்துது. வேலைநிறுத்தம். பின்னேரம் பள்ளிக்கூடத்தால வந்த அபி விசயத்தைக் கேட்டாள். கோழி டப்பாவை எடுத்துப் பின்பக்க ஷெட்டுக்குள்ள வைச்சாள். பாத்திரம் கழுவுற கையுறையை என்ர கையில தந்தாள். "வீட்டுக்குள்ளதானே வெள்ளிக்கிழமை, அம்மம்மா."

குடை

மழைக்கு இந்தச் சாதி நாய் ஒத்துவராது. புல்லு நனைஞ்சா அதுக்கு வயித்தில முட்டும். ஒரு காலை வைக்கும், எடுக்கும், என்ர முகத்தைப் பாக்கும். லண்டனில மழை விட்டாப் பிறகு போவம் எண்டு இருந்தா ஆறு கிழமை போயிடும். ஆனபடியா ஒரு மூலைப் புல்லைக் கத்திரிக்கோலால ஒட்ட வெட்டினன். மழை வந்தா அங்க விட்டு, மேல குடையைப் பிடிச்சன். குடை ஒண்டுதான், நாயோ நிலத்தோட நிக்கிற கட்டை. நான் கம்பளித் தொப்பியோட குனிஞ்சு நிண்டு நனைஞ்சன். ஆனா ஒண்டு சொல்லவேணும், அந்த மழைக் கிழமையில வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்லை. நாலாம் கிழமை முடிய மிளகு தானாக் கேக்கத் தொடங்கிச்சுது. போகவேணும் எண்டா வந்து என்ர செருப்புக்கு மேல ஏறிக் குந்தும். குலைக்காது, சுரண்டாது. அவ்வளவு மரியாதை.

பக்கத்து வீட்டு ஜீன், எண்பது வயசு இங்கிலீஸ் மனுசி, ஒருநாள் வேலிக்கு மேலால இந்தக் குடைக் காட்சியைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டா. பேந்து சொன்னா: "நான் ரெண்டு பேரைக் கட்டினனான். ரெண்டு பேரும் எனக்கு இப்பிடி ஒருநாளும் குடை பிடிக்கேல்லை."

பரமலிங்கம் தம்பி வந்த நாள்

ஆறாம் கிழமை, சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு வந்தார். அபி விடியத்தொடக்கம் சாப்பிடேல்லை. குட்டியின்ர பெட்டிக்குப் பக்கத்திலயே இருந்தாள்.

மனுசன் சப்பாத்தைக் கழட்டினார். சொக்ஸோட கார்ப்பெட் முழுக்க மெல்ல நடந்தார், பெருவிரலால ஒவ்வொரு இடமா அமத்தி ஈரம் பாக்கிறார். மணந்தும் பாத்தார். அவர் சாமித்தட்டுப் பக்கம் போகமுந்தி நானே போய், மஞ்சளை மூடிப் போட்டிருந்த மிதியடியை இழுத்துக் காட்டினன். "தம்பி, இந்த மஞ்சள் நாய் செய்தது இல்லை. நான் செய்தது. என்னை என்ன செய்யிறதெண்டு பிறகு கதைப்பம்." அவர் மஞ்சளையும் பாத்தார், சாமியையும் பாத்தார். "என்ர அம்மாவும் ஒருக்காச் செய்தவ" எண்டிட்டு மிதியடியைப் பழையபடி இழுத்து விட்டார்.

தேத்தண்ணி குடுத்தம். வாய் சும்மா இருக்குமே? நான் என்ர முழங்காலைப் பற்றித் தொடங்கினன், அதால ஒப்பரேசனுக்குப் போய், ஒப்பரேசனால பக்கத்துக் கட்டிலில கிடந்த மனுசியின்ர மருமகளுக்குப் போய், முக்கால் மணித்தியாலம் போட்டுது. மிளகு வந்து என்ர செருப்பில குந்தியிருக்கு, நான் பாக்கேல்லை. எழும்பித் திரும்பவும் குந்தியிருக்கு, பாக்கேல்லை. அபி கண்டவள். ஆனா அவர் முன்னால "அதுக்கு வருது" எண்டு சொல்லப் பயந்துபோய் இருந்தாள். அம்மம்மா கதைச்சே நாயைத் துலைக்கப்போறா எண்டு நினைச்சவளாம்.

மிளகு எழும்பிச்சுது. பரமலிங்கம் தம்பியிட்டப் போய், அவரின்ர சொக்ஸில ஒரு காலை வைச்சுது. பின்கதவுக்குப் போய்த் திரும்பிப் பாத்துது. அவர் அசையேல்லை. திரும்பி வந்து, காலை வைச்சு, கதவுக்குப் போச்சுது. அவர் கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். நல்ல மழை. குட்டி ஒருக்கா வானத்தைப் பாத்திட்டு, தானாப் போய், வெட்டின மூலையில மூத்திரத்துக்கு இருந்திட்டு, ஓடி வந்து மிதியடியில காலைத் துடைச்சுது. குடையும் இல்லை, "இரு மோனை"யும் இல்லை.

அவர் கதவைச் சாத்தினார். அபி எழும்பி, "அங்கிள், மிளகு நிக்கலாமோ?" எண்டாள். "நிக்கட்டும் பிள்ளை" எண்டார். அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு மேல ஓடிட்டாள். அவர் வந்து எனக்குப் பக்கத்தில இருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, என்ர பேரனுக்கு மூண்டு வயசு முடிஞ்சுது, இன்னும் நாப்பி கட்டித்தான் திரியிறான். ஒரு ரெண்டு கிழமை உங்களிட்டக் கொண்டுவந்து விடட்டோ?"

ரெண்டு தலைமுறைப் பிள்ளையளைப் பழக்கி எடுத்தனான், ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, கடைசியில ஒரு நாய்க்குட்டியாலதான் எனக்கு ஊரில பேர் வந்திருக்கு.