இரண்டு வால் வைத்த எழுத்து

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மைத்துனர் போன பிறகு அவருடைய பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில்தான் வளர்ந்தன. ஆறு பேரையும் படிக்க வைத்தேன். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ் நம்பர் பார்க்கத் தெரியும், காளிகாட்டில் எந்தக் கடைக்காரனும் என்னை ஏமாற்றிவிட முடியாது. அதற்கு மேல் எனக்குப் படிப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால்தான் கோபம் வரும். வராமல் ஒன்றும் இல்லை. வர விடவில்லை. செத்தவர்களைப் பற்றிக் குறையாகப் பேசக் கூடாது என்பாள் என் பெரிய மருமகள். அவள் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்.

அப்போது நாங்கள் வங்காளத்தில், கிடர்பூர்த் துறைமுகத்துப் பக்கம் குடியிருந்தோம். அப்பா துறைமுக ஆபீசில் குமாஸ்தா. மாடியில் நாங்கள், கீழே ஒரு சீனத் தச்சர். கப்பலுக்குள்ளே கதவு, கட்டில் எல்லாம் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே மேஜை நாற்காலி செய்து விற்பார். தெரு முழுக்க அவரை மிஸ்திரி என்றது. நான் வங்காளத்துப் பிள்ளைகளைப் போல உறவு சேர்த்து மிஸ்திரி காக்கு என்பேன். அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள், என் வயசு. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவே இல்லை என்று காளி மேல் சத்தியம் செய்வாள். நாங்கள் சண்டை போட்டதும் சேர்ந்ததும் வங்காளியில்தான்.

அவர் வாசலுக்கு மேலே ஒரு பலகை. கறுப்பு மரத்தில் நான்கு எழுத்து செதுக்கி, பள்ளத்தில் தங்க நிறம் பூசியிருந்தது. 'இசைந்து பெருகுக' என்று அர்த்தமாம், அதுதான் கடைக்குப் பெயர். எழுத்துகள் நெட்டையாக நிற்காமல், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சம்மணம் போட்ட ஆட்கள் போல அகலமாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுதுகிற மேஜைக்குக் கால் ஆடியது. மிஸ்திரி காக்கு அதைச் சரி செய்துகொண்டிருந்தபோது, அப்பா அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டார். அவர் முதலில் தன் உளிப்பெட்டியின் மேல் இருந்த முத்திரையைக் காட்டினார். அதில் எழுத்தெல்லாம் கொடி சுருண்ட மாதிரி வளைந்து வளைந்து இருந்தது. அது பழைய ராஜா காலத்து எழுத்தாம். ஒன்றை எழுதி முடிப்பதற்குள் உயிர் போய்விடுமாம். அரசாங்கத்தில் வேலை குவிந்து கிடந்தபோது, சிறையில் கிடந்த ஒரு குமாஸ்தா உட்கார்ந்து அந்த வளைவுகளையெல்லாம் நிமிர்த்தினானாம். வட்டம் மூலையாயிற்று, சுருள் கோடாயிற்று, தூரிகை வேகமாக ஓடியது. பெரிய மனிதர்கள் முதலில் அதை வேலைக்காரன் எழுத்து என்று சிரித்தார்களாம். அப்புறம் அதையே கல்லில் வெட்டி வைத்தார்களாம். வாசல் பலகையில் இருப்பதும் அந்த எழுத்துதானாம். அதையும் இன்னும் சுருக்கித்தான் இப்போது எழுதுகிற எழுத்து வந்தது என்று, மேஜைப் பலகையில் பென்சிலால் தான் போட்டிருந்த கணக்கைக் காட்டினார்.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாடிக்கு வந்தவர் அம்மாவிடம், "கேட்டியா? ராஜா எழுத்தையே ஒரு குமாஸ்தா மாத்தியிருக்கான். எங்க ஜாதி!" என்றார். அப்பாவின் கையெழுத்து ஆபீசில் பேர் போனது. இங்கிலீஷ் எழுத்துக்கு மேலும் கீழும் கொடி விடுவார். "இது கடுதாசியா, பூவேலையா?" என்பாள் அம்மா.

எங்களுக்கு, அதாவது எனக்கும் மிஸ்திரி மகளுக்கும், அது விளையாட்டாயிற்று. அவள் சாக்கட்டியால் பலகை எழுத்தைத் தரையில் போடுவாள், பார்த்துப் பார்த்து நானும் போடுவேன். ஒரு எழுத்தில் ஒரு கோட்டுக்கு மட்டும் தலைப்பக்கம் பட்டுப்புழு மாதிரி பருத்திருக்கும், வால் காட்டு வாத்தின் வால் போல மேலே எழும்பும். எனக்கு அந்த வால் ரொம்பப் பிடித்துப்போய் எல்லாக் கோட்டுக்கும் வைத்தேன். அவள் காலால் அழித்துவிட்டு, "ஒரு எழுத்துக்கு ஒரு வாத்துதான், கழுதை! ரெண்டு வச்சா எழுத்தே பறந்துடும்" என்றாள். பலகையில் போய் எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எந்த எழுத்திலும் ஒன்றுக்கு மேல் இல்லை.

சீனாவோடு சண்டை வந்தது அந்த வருஷம்தான். காளி பூஜைக்குப் பந்தல் போடுகிற நேரம். ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். அப்பாவை ஆபீசில், "சீனன் வீட்டு மாடிக்காரர் வந்துட்டார்" என்று கேலி செய்தார்களாம். அவர் அதை அம்மாவிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வேலை தேடி ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா வேறு, பெண்டாட்டியை அழைத்துவர இடமில்லை, கீழ் வீடு காலியானால் தேவலை என்று தினமும் புலம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் வாசலில் சத்தம் கேட்டு ஓடினேன். பலகையில் நான்கு எழுத்துக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று, சிவப்புப் பெயிண்டில். பூஜைப் பந்தல் போடுகிற தெரு க்ளப் பையன்கள் கூடிவிட்டார்கள். சீன விமானத்துக்கு அடையாளம் என்றான் ஒருவன். சித்தப்பா முன்னால் வந்து, "சீனாவுக்கு ஜேன்னு எழுதியிருக்கு. எங்க ஆபீஸ்ல விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார்" என்றார். சித்தப்பாவுக்கு ஆபீசே கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை.

மிஸ்திரி காக்கு கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். இது நான் எழுதியதில்லை, இது எழுத்தே இல்லை என்றார். சிரித்தார்கள். போலீஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். அப்போது அவர் கூட்டத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டார். "பாபு, உங்களுக்குத் தெரியுமே. என் பலகையில என்ன இருக்குன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேனே" என்றார்.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "சீன எழுத்தைப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்?" என்றார்.

எனக்கு இப்போதும் காது கொதிக்கிறது. நான் படிக்கட்டிலிருந்து கத்தினேன். "அது பொய் எழுத்து! ரெண்டு பக்கமும் வால் இருக்கு! காக்கு ரெண்டு வைக்கவே மாட்டார். சித்தப்பா நகத்துல பாருங்க, சிவப்பு இருக்கு!"

வங்காளியில்தான் கத்தினேன். எல்லாருக்கும் புரிந்தது. ஒரு போலீஸ்காரர் சித்தப்பாவின் கையைப் பார்க்கத் திரும்பினார். அதற்குள் அப்பா நாலு எட்டில் வந்து என்னை அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. "சின்னது, விளையாட்டுத் தோழிக்காகப் பொய் சொல்லுது" என்று அவர்களிடம் சொன்னார். குமாஸ்தா பாபு சொன்னதற்கு மேல் ஒன்பது வயசுப் பெண்ணின் பேச்சு எடுபடுமா? போலீஸ்காரரும் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மிஸ்திரியை விசாரிக்க அழைத்துப் போனார்கள். மகள் பின்னாலேயே ஓடினாள், செருப்புகூடப் போடவில்லை. பலகையைப் பெயர்த்துப் பந்தலில் படியாகப் போட்டார்கள். ஊரே மிதித்து ஏறியது. நான் மட்டும் தாண்டிக் குதித்தேன், முழங்கால் தோல் பெயர்ந்தது. சில வாரம் கழித்து அவர் இளைத்துத் திரும்பி வந்து, உளிப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மகளோடு போய்விட்டார். கப்பலேறிவிட்டார்கள் என்றார்கள் சிலர். சீனர்கள் குடியிருக்கிற டாங்ராவில் யார் வீட்டிலோ ஒண்டியிருக்கிறார்கள் என்றார்கள் சிலர். அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கீழ் வீட்டுக்குச் சித்தி வந்து பால் காய்ச்சினாள்.

பூஜை விடுமுறை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். என்னை அனுப்பவில்லை. அம்மா ஒரே ஒரு தரம் கேட்டாள். "மூணாவது படிச்சது போதும். இப்பவே எல்லாத்தையும் உத்துப் பார்க்கிறா" என்றார் அப்பா. அவ்வளவுதான் என் படிப்பு.

நான் வருஷக்கணக்காகச் சித்தப்பாவை வெறுத்தேன். அப்பா பாவம், தம்பியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று நினைத்தேன். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, சித்தப்பா இடுப்பு ஒடிந்து எங்கள் காளிகாட் வீட்டில் வந்து படுத்தார். பிள்ளைகள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தச் சிவப்பு எழுத்தை எழுதின கைக்கு இன்னைக்கு ஸ்பூன் பிடிக்கக்கூட வலுவில்லை பாருங்க" என்றேன்.

அவர் பொக்கை வாயால் சிரித்தார். "யாரு, நானா எழுதினேன்? எனக்கு நேரா ஒரு கோடு இழுக்க வருமாடி? பெயிண்ட் வாங்கினது நான், டப்பாவைத் திறந்து கொடுத்தது நான். எழுதினது உங்கப்பா. வெறும் கோடா இருந்தா நம்ப மாட்டானுங்கன்னு, ரெண்டு பக்கமும் வளைச்சு வளைச்சு, ரசிச்சு வேற போட்டாரு மனுஷன்."

மிச்சக் கஞ்சியையும் ஊட்டித்தான் எழுந்தேன். பட்டினி போடுவது என் வழக்கமில்லை.

ஆபீசில் தன் பேர் கெட்டுவிடக் கூடாது என்று பயந்த ஒரு மனிதர், ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தினார். பயத்தை நான் மன்னிப்பேன், பயப்படாத மனிதர் யார்? ரசித்துப் போட்டாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அறை வாங்கிய அன்று சாயங்காலம், இனிமேல் சித்தப்பாவைச் சொல்ல மாட்டேன் அப்பா என்று காலைத் தொட்டு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முட்டாள் பெண். சிவப்பு நகத்தைக் கண்டுபிடித்தவளுக்கு, அந்தத் தடவுகிற கையைத் தெரியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் படித்திருந்தால், அப்பா எழுதி வைத்த எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அந்தக் கொடியும் அந்த வாலும் ஒரே கையில் பிறந்தவை என்று சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றுதான் நிறுத்தினார் என்று சித்தப்பா வாயைத் திறக்கிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போதும் பேத்தி, பேனாவை வை. இப்போது முதலிலிருந்து மெதுவாக வாசித்துக் காட்டு. உன் தமிழ் தட்டித் தடுமாறினாலும் பரவாயில்லை. ஆனால் செத்தவர் பேரைக் கெடுக்கக் கூடாதென்று உங்கம்மா சொன்னாளே என்று, நான் அப்பா என்று சொன்ன இடத்தில் சித்தப்பா என்று மாற்றி எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு மறுபடி எழுது. நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.