மஞ்சளுக்குத் திரும்பிய புட்டி

நேற்று எங்கள் கல்லூரி ஆய்வகக் குளிர்பெட்டியில் பைரோல் என்ற வேதித்திரவத்தின் பழைய புட்டி ஒன்று அகப்பட்டது. புதிதாய் வடித்தால் தண்ணீர் போலிருக்கும்; சும்மா விட்டால் கஷாய நிறமாகிவிடும். மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் என் ஆராய்ச்சி நாட்களும் அப்பாவும் சேர்ந்தே வந்துவிட்டார்கள்.

பைரோல் மூலக்கூறு நான்கை அசிட்டோனோடு வினைபுரியவைத்து வளையமாகக் கோத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிண்ணம் கிடைக்கும். எதிர்மின் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. எத்தனையோ அயனிகள் இருக்க ஃபுளோரைடை நான் தேர்ந்தெடுத்தது அறிவியல் ஆர்வத்தால்தான் என்று நேர்முகத்தேர்வில் அளந்துவிட்டேன். உண்மையான காரணம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து ஆழ்துளைப் போர்த்தண்ணீர். கிணறு வற்றியபின் அதைத்தான் குடித்தோம். அதிலிருந்த ஃபுளோரைடு அப்பாவின் எலும்பில் இறங்கி, மடை திருப்பக்கூடக் குனிய முடியாமல் ஆக்கிவிட்டது.

கிண்ணம் ஃபுளோரைடைப் பிடித்தால் நிறம் மாறிக் காட்ட, அதோடு சாயம் ஒன்றையும் ஒட்டினோம். ஃபுளோரைடு உப்பைப் போட்டதும் மஞ்சள் கரைசல் சிவப்பானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் புட்டியோடு ஊருக்குப் போய், வித்தைக்காரன் மாதிரி அப்பாவுக்குச் சிவப்பாக்கி, நம் தண்ணீரிலிருக்கிற விஷம் இதுதான் என்று காட்டினேன். அவர் சும்மா இருப்பாரா? ஒரு கரண்டி போர்த்தண்ணீரை எடுத்து அதில் ஊற்றினார். நொடியில் மஞ்சளாகிவிட்டது.

“ஏ புள்ள, கொடத்தக் கொண்டா! வெசம் போயிருச்சு!” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதை நானே கெடுக்கவேண்டியிருந்தது.

“இல்லீங்கப்பா. தண்ணி பட்டதும் கிண்ணம் வெசத்த உட்டுருச்சுங்க. தண்ணியில்லாத எடத்துலதான் அது புடிக்கும்.”

அப்பா புட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “அப்பொ நம்மூருக்குத் தோதானதுதான், போ.”

அன்றைக்கும் அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் அம்மா சோறாக்கினாள்.

அந்தக் கிண்ணம் எனக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்தது. அப்பா படுக்கையில் விழுந்தார். இறந்தபோதும் முதுகு நிமிரவில்லை. பாடையில் ஒருக்களித்துத்தான் கிடத்தினோம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது ஊருக்குக் குழாயில் அணைத்தண்ணீர் வருகிறது. போரை மூடிவிட்டார்கள். கழுத்து இறுகிப்போய், யாராவது கூப்பிட்டால் உடம்பையே முழுசாகத் திருப்பிப் பார்க்கிற மனிதர்கள் அன்று வீட்டுக்கு வீடு இருந்தார்கள். போனமாதம் டீக்கடை வாசலில் நின்று, “ஏனுங் மாமா” என்று பொதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தை மட்டும்தான் திருப்பினார்கள். அன்று எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவருமில்லை.