மதியத்துக் கண்

அந்த அலுவலகத்தில் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்பதால் வந்த பட்டம். பழைய காசு சேர்ப்பவர்கள் தங்கள் காசுகளை அங்கே அனுப்புவார்கள். சல்லடை ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஓர் எண் சொல்வார். அந்த எண்ணை ஒட்டிய சின்னக் கண்ணாடிப் பெட்டியில் காசை அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். எழுபது என்றால் இப்போதுதான் அச்சிலிருந்து விழுந்தது. ஒன்று என்றால் காசா, தகரத் துண்டா என்றே சந்தேகம். அவருடைய மேஜைக்கு வருவதெல்லாம் பல சட்டைப் பைகளில் கிடந்து உழன்றவை. முதலில் ராஜாவின் கன்னம் தேயும், அப்புறம் காதுக்கு மேலே முடி, கடைசியில் ஓரத்து எழுத்துகள் விளிம்போடு கலந்துபோகும்.

அதற்கு முன்னால் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனால் சோறு இறங்காத ஆள். அச்சகத்தை மூடியபோது அந்தக் கண்ணை நம்பித்தான் இங்கே வேலை கொடுத்தார்கள்.

ஒருநாள் மதியம் மீசைக்கார வியாபாரி ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, முதலாளியின் மேஜையில் ஒரு வெள்ளிக் காசை வைத்தார். சல்லடையைக் கூப்பிட்டார்கள்.

"போன தடவை இதுக்கு இருபது போட்டீங்க. எனக்கு மனசு ஒப்பல. பெட்டியை உடைச்சு, வேற காசு மாதிரி திரும்ப அனுப்பினேன். இப்ப பன்னெண்டு போட்டிருக்கீங்க. பீரோவுல கிடந்தே தேஞ்சுபோச்சா?" என்றார் மீசைக்காரர்.

சல்லடை காசை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தார். தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. அதே காசுதான். காதுமடல் தெரிந்தது, முடி பாதி வழுக்கை.

"என்ன சொல்றீங்க சார்?" என்றார் முதலாளி.

"இப்ப பாத்தா பதினஞ்சு."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். மீசைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சல்லடைக்கு மட்டும் வரவில்லை. காது மடல் சுட, தன் மேஜைக்குத் திரும்பினார்.

அதன்பிறகு முதலாளி சத்தம் போடாமல் ஒரு வேலை செய்தார். முன்பு அவரே எண் போட்ட காசுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அவ்வப்போது அவருடைய தட்டில் கலந்து வைத்தார். சல்லடைக்குத் தெரியாமலா போகும்? ஒரு கீறலை ஒரு தடவை பார்த்தால் மறக்காத மனிதர். ஆனாலும் பழைய எண்ணை நினைவிலிருந்து எடுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. கண்ணில் பட்டதையே போட்டார்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி அவரைத் தனியாக உட்காரவைத்தார். பக்கத்து மேஜையில் தரம் பார்க்கும் அம்மாளும் இருந்தார்.

"காலையில நீங்க போடுறது அச்சு அசலா பழைய எண்தான் சார். சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாமே இறங்கிடுது. உங்க கண்ணுல கோளாறு இல்ல. மதியத்துல என்னவோ நடக்குது."

அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "சாப்பாட்டு நேரத்துல தினமும் எங்க சார் ஓடுறீங்க? திரும்பி வரப்ப சட்டை நனைஞ்சிருக்கு."

வேறு வழியில்லாமல் சொன்னார். அவருடைய அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர், ஆஜானுபாகுவான ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆறு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானதும் சல்லடை அவரைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மனைவி துணி தைக்கும் ஆலையில் வேலை. காலையில் அவள் பார்த்துக்கொள்வாள், மதியம் ஆலையை விட்டு வர முடியாது. அதனால் சல்லடைதான் ஓடிப்போய், அண்ணனைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருவார். புரட்டும்போதெல்லாம் அண்ணன் குழறிய நாக்கில் "போலாம் ரைட்" என்பார். இருவரும் சிரிப்பார்கள். பிறகு இவர் தன் சாப்பாட்டைத் திறக்காமலே பஸ் ஏறுவார். விளக்கின் முன்னால் வந்து உட்காரும்போது பசியில் கண் மங்கும். எல்லா ராஜாக்களும் மொழுமொழுவென்று ஒரே மாதிரி இருப்பார்கள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் முதலாளி.

"வீட்டு விஷயம்..." என்று இழுத்தார் சல்லடை.

அந்த அம்மாள்தான் வழி சொன்னார். தேய்ந்த காசுகளை மதியம் தானே பார்ப்பதாகவும், அந்த நேரத்தில் சார் எடை போட்டுப் பெட்டியில் அடைத்தால் போதும் என்றும். எடை போடுவது புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் வேலை. சல்லடைக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுக்கும் அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. "சரிம்மா" என்றார்.

மீசைக்காரரின் காசைக் காலையில் மறுபடி பார்த்து, பழைய இருபதாகவே திருப்பி அனுப்பினார்கள். அவராவது வந்து சண்டை போட்டார். போட்ட எண்ணை அப்படியே நம்பி, தன் காசு மட்டம் என்று நினைத்துக்கொண்டு பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் எத்தனை பேரோ என்ற நினைப்பு பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவரை அரித்தது. முதலாளியிடம் அதையும் சொன்னார். கேட்டு வருபவர்களுக்கு இலவசமாக மறுபடி பார்த்துத் தருவதாக அறிவிப்பு வைத்தார்கள். இரண்டொருவர் வந்தார்கள். மற்றவர்களை எப்படி வரவைப்பது?

மனைவியிடம் எல்லாவற்றையும் ஒரு சாயங்காலம்தான் சொன்னார். அவள் நூல் ஒட்டியிருந்த புடவையை உதறிக்கொண்டே கேட்டாள்.

"ஆபீஸ்ல இத்தனை நாளா ஏன் மூடி வெச்சிருந்தீங்க?"

"பாவம்னு பாப்பாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

அவள் தட்டு வைத்தாள். இரண்டாவது வாய் சாப்பிடும்போதே உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். சல்லடை பழக்கத்தில் எழப்போனார்.

"உக்காருங்க. நான் பாக்கறேன்," என்று அவள் உள்ளே போனாள்.

அவர் உட்கார்ந்தார். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார்.