காட்டுக்குள் கேட்ட கரண்டிச் சத்தம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவில் நடந்தது இது. நான் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கிறேன். சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வீட்டோடு தங்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பகல் மட்டும்தான் என் வீடு, என் வீட்டுக்காரர், என் பிள்ளைகள். சிஞ்ஞோராவுக்கு இரவில் நித்திரை வராது. ஏதாவது வேண்டுமென்றால் தண்ணீர்க் கோப்பையில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். "வாறன் சிஞ்ஞோரா" என்று எழும்பி ஓடுவேன். அந்த ஒரு தமிழ்ச் சொல் அவருக்கும் விளங்கும்.

அவருடைய மகள் தாயைக் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போக முடிவெடுத்தபோது, தாயைப் பார்த்துக்கொள்ள என்னையும் சேர்த்துக்கொண்டார். பல்லரோ சந்தையில் மீன் வாங்கும்போது இதை ஒரு சிநேகிதியிடம் சொன்னேன். அவளுக்கு வயிறெரிந்தது.

"உனக்கென்னடியப்பா, சும்மா இருந்து சாப்பிட்டுக்கொண்டு கடல் பாக்கப் போறாய்!"

சும்மா இருப்பதா! வீட்டிலாவது எனக்கும் சிஞ்ஞோராவுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. கப்பலில் ஒரே அறை. கடல் ஆட ஆட அவருக்கு நித்திரை இன்னும் குறைந்தது. நான் கடலைப் பார்த்ததைவிடக் கரண்டியைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தத் தீவில் கப்பல் நின்ற அன்று காலை மகளுக்குத் தலையிடி. காட்டுக்குள் போகும் சுற்றுலாவில் தனக்குப் பதிவு செய்திருந்த இடத்தை என்னிடம் தந்தார்.

"நீ போய் வா. அம்மாவை இன்றைக்கு நான் பார்க்கிறேன்."

காடு பார்க்கக் காசு கொடுப்பார்களா என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனாலும் ஒரு பகல் ஓய்வு கிடைக்கிறதே என்று போனேன்.

எங்கள் வழிகாட்டி ஒரு பெண். அவளுடைய ஸ்பானிய மொழியும் என் இத்தாலியனும் ஓரளவு ஒத்துப்போயின. மற்றவர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கயிற்றுப் பாலம் ஏற ஆயத்தமானார்கள். என் முழங்காலுக்கு அது சரிவராது. "இந்தக் கொட்டிலிலேயே இரு, திரும்பும்போது கூட்டிப்போகிறேன். ஐந்து மணிக்குக் கப்பல் போய்விடும், யாருக்காகவும் நிற்காது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். நான் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிட்டேன்.

டிங், டிங்.

"வாறன் சிஞ்ஞோரா" என்று எழும்பி நடந்தேன். சத்தம் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. இன்னும் நடந்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் புத்தி நித்திரையில். சேற்றில் ஒரு சப்பாத்து புதைந்து கால் மட்டும் வெளியே வந்தபோதுதான் முழுதாக விழித்தேன். சுற்றிவர மரங்கள். கொட்டிலும் இல்லை, பாதையும் இல்லை. மேலே எங்கேயோ ஒரு குருவி மறுபடியும் டிங், டிங் என்றது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் பயம் வரவில்லை. இங்கே என்னை யாரும் கூப்பிட முடியாது என்றுதான் தோன்றியது. மனம் அப்படியே லேசானது. ஒரு மரவேரில் குந்திவிட்டேன்.

பிறகுதான் கப்பல் நினைவுக்கு வந்தது. கடவுச்சீட்டு கப்பலில். கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. கப்பலை விட்டுவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் பெர்மெசோ புதுப்பிக்க முடியாது, அந்த அனுமதி இல்லாமல் இத்தாலியில் வாழவும் முடியாது. மழையும் பிடித்துக்கொண்டது. தொண்டை அடைக்கும்வரை கத்தினேன்.

கடைசியில் அந்த வழிகாட்டிப் பெண்தான் புதர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். தெப்பமாக நனைந்திருந்தாள். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏன் எழும்பிப் போனாய்?"

"கூப்பிட்டது கேட்டது."

"யார்?"

நான் மேலே கையைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. தன் கழுத்துத் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள்.

"அது தன் சோடியைக் கூப்பிடுகிறது. உன்னை இல்லை."

என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். எங்களைக் கொண்டுவந்த வான் வண்டியில் காத்திருந்தவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களில் பிழையில்லை. கப்பலில் கடைசி ஆளாக ஏறினேன்.

ஏறியதும் பலெர்மோவில் இருந்த என் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன்.

"இஞ்சை வீட்டிலையும் அப்பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்தாலும் 'வாறன், வாறன்' எண்டு எழும்பி நிக்கிறனீர். சொன்னால் கவலைப்படுவீர் எண்டு நான் சொல்லேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போனேன். மகள் தாயின் கட்டிலருகே தலை கலைந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

"பலெர்மோ போனதும் சனிக்கிழமை இரவுகளில் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காக நீங்கள் என்னை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடினாலும் சரி" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்று ஒரு பகல்தான் பார்த்தேன். சாப்பிடக்கூட நேரமில்லை" என்றார். பிறகு மெதுவாக, "சனிக்கிழமை மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள் என் சொந்தக் கட்டிலில் படுக்கிறேன். கேட்டால் என்ன ஆகுமோ என்று அத்தனை வருடம் பயந்திருந்த நான், கேட்காமலே இருந்தால் நான் என்ன ஆவேன் என்பதை அந்தக் காட்டில் தொலையும்வரை ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.