ஹார்ட் டிஸ்க் வயரில் ஓடிய கார்டு

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவளுக்கு முதுகுவலி கூடப் பழகிவிடும். கம்ப்யூட்டர் திணறுவது மட்டும் பழகாது. திருவையாற்றில் என் கடை. அந்த மாதம் வரிசையாக முகூர்த்தம்; உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்தே போயிருந்தது. ஒரு கல்யாண வீட்டார் மட்டும் தினமும் போன் செய்தார்கள். பெண்ணின் அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், கல்யாணத்துக்கு வர முடியவில்லை. கண்ணை மூடுவதற்குள் வீடியோவைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் என்று மாப்பிள்ளை சொன்னார்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இன்னொரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். மாட்டப் பார்த்தால், அதற்குக் கரண்ட் கொடுக்க கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியில் கேபிள் மிச்சமில்லை. வயலுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பம்புசெட்டில் வயர் முறுக்கியே பழகிய கை.

“ஒரே லைன்ல ரெண்டு மோட்டார் ஓட்டலியா நாம? ஒரு அடாப்டர் போட்டா முடிஞ்சுது.”

“போன வருஷம் காயில் கருகினதும் அந்த லைன்லதானே?” என்றேன். வாயால் சொன்னேனே தவிர தடுக்கவில்லை. அவ்வளவு அலுப்பு. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய வயரில் அடாப்டர் வைத்து, அதைக் கார்டில் செருகினார். கார்டின் விசிறி சுற்றியது. “பாத்தியா?” என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பிளாஸ்டிக் தீயும் வாடை. சுவிட்சை அணைத்துத் திறந்தால் அடாப்டர் உருகி ஒட்டியிருந்தது. அடப்பாவி மனுஷா! அந்தக் கல்யாணம் மொத்தமும் இருந்த டிஸ்க் அதே வயரில்தான் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே கம்ப்யூட்டர் கடைக்காரர் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். உயிர் இருந்தது. பிறகுதான் திட்டினார்.

“அடாப்டர் பிளக்கோட வடிவத்தைத்தான் மாத்தும், வயரோட தெம்பை மாத்தாதுங்க. ரெண்டு கார்டையும் தாங்கற பெரிய பவர் சப்ளையா போடுங்க. கார்டுக்குன்னே வர்ற கேபிளை ஒண்ணொண்ணுக்கும் தனியா குடுங்க.”

அது வர நாலு நாள் ஆகுமாம்; அதுவரை பழையதைப் போடவே கூடாதாம். கடை வாசலில் நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். போனை அந்த அப்பாவே வாங்கினார். குரலில் சத்தே இல்லை.

“பாட்டு, பூ விழறதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? எடுத்ததை அப்படியே குடுங்க. தாலி கட்டறப்ப எம்பொண்ணு என்னைத் தேடினாளான்னு பாக்கணும்.”

தேடினாள். கழுத்தை நீட்டுமுன் மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். கல்யாண வீடியோவில் அழுகை ஆகாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். அந்த இடத்தை, இரண்டு வாரம் முன்பு எடிட் தொடங்கிய முதல் நாளே வெட்டியிருந்தேன்.

வெட்டாத மூல வீடியோ டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. கடையிலேயே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை லேப்டாப்பைக் கட்டிலில் வைத்தார். அந்த இடத்தை மூன்று முறை ஓட்டச் சொன்னார் பெண்ணின் அப்பா.

“தேடியிருக்கா பாரு,” என்றார் பக்கத்தில் நின்ற மனைவியிடம்.

இரண்டு வாரமாக அதை அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தது நான்தான்.